மேகம் இல்லாமல் வந்தவன்

சினிமாவில் கேமரா பிடித்தவர்கள் பயணக் கட்டுரை எழுதினால் சுவிட்சர்லாந்தில் தொடங்குவார்கள். கதாநாயகி பனியில் மெல்லிய சேலையோடு ஆட, படம் எடுக்கப் போனவர்கள் கம்பளிக்குள் நடுங்கிய கதை ஒன்று எல்லாரிடமும் இருக்கும். என்னிடமும் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் இப்போது ஆளில்லை. நான் சொல்லப்போவது தர்மபுரி மாவட்டத்தில் ஏரியூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்குக் கல்யாண வேலையாகப் போய்வந்ததை. போகாமல் இருந்திருக்கலாம் என்று இதை எழுதும்போதும் தோன்றுகிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் சினிமா கேமராமேன். அதிலும் டைட்டிலில் ‘தந்திரக் காட்சிகள்’ என்று தனியாகப் பெயர் போடுவார்களே, அந்த ஆள். ஒரே நடிகர் அண்ணனாகவும் தம்பியாகவும் எதிரெதிரே நின்று சண்டை போடுவது, புற்றுக்குள்ளிருந்து அம்மன் எழுந்து வருவது, அணை உடைந்து ஊர் மூழ்குவது எல்லாம் என் சரக்கு. லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மறைத்து எடுப்போம். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியைத் திறந்து மறுபடி எடுப்போம். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் இரண்டு பேருக்கும் நடுவில் கோடு விழுந்துவிடும். என் படத்தில் கோடு விழுந்ததில்லை. கட்டில் அளவு அணையைக் கட்டி உடைத்து, கேமராவை வேகமாக ஓடவிட்டால் நாலு குடம் தண்ணீர் பெருவெள்ளமாகத் தெரியும். தியேட்டரில் முன்வரிசைக்காரன் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டால் அதுதான் எனக்கு விருது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தலை நரைத்த வயதில் அதையும் கற்றுக்கொண்டேன். ஏசி அறையில் உட்கார்ந்து, பறக்கிற கதாநாயகர்களின் இடுப்பில் கட்டிய கயிற்றை அழித்துக்கொண்டே சில வருஷம் ஓடியது. இப்போது என்ன வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே வெள்ளத்தைக் கொண்டுவந்து விடுகிறது. கயிறும் இல்லை, அதை அழிக்க ஆளும் தேவையில்லை. சினிமா கம்பெனியிலிருந்து கடைசியாக எப்போது போன் வந்தது என்று யோசித்தால் ஞாபகம் வருவதில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே. கல்யாண வீடுகளுக்கு இறந்தவர்களை வரவழைத்துக் கொடுக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ அப்பா இல்லை, அம்மா இல்லை என்றால், மண்டபத்துப் பெரிய திரையில் அவர்கள் வந்து ஆசீர்வாதம் பண்ணுவது இப்போது வழக்கமாகிவிட்டது. விளக்கை அணைப்பார்கள். திரையில் வெள்ளை மேகம் விலகும். அப்பா படியில் இறங்கி வந்து கையைத் தூக்குவார். கீழே பெண் கதறுவாள், கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும், அப்புறம் பந்திக்கு ஓடும். மேகம் வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. எவனோ ஒருத்தன் முதலில் மேகம் போட்டான், பார்த்து எல்லாரும் போட்டோம். இன்றைக்கு மேகத்தைக் கண்டாலே சின்னப் பிள்ளைகூட, செத்துப்போனவங்க வர்றாங்க என்று சொல்லிவிடும்.

ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் போன் பண்ணினாள். தன் கல்யாணத்துக்கு அண்ணன் அந்தோணி வர வேண்டும் என்றாள்.

“எங்க பக்கம் மாப்பிள்ளைய மச்சான்தான் மாலை போட்டு உள்ள கூட்டினு வரணுங்க சார். எனக்கு அண்ணன் ஒருத்தன்தான்.”

எப்போது காலமானார் என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

“காலமாவலீங்க சார். காணோம்,” என்றாள்.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன். வேலை முடிந்தது, வேறு ஊருக்குப் போகிறேன் என்று ஒரு நாள் போனில் சொல்லியிருக்கிறான். அதற்கப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை. நாலு வருஷம் ஆகிறதாம்.

முடியாதம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். காணாமல் போனவர்களை நான் வரவழைத்ததில்லை. ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு, சார் என்று ஒருத்தர் கூப்பிட்டதே பெரிதாக இருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பென்னாகரத்தில் ஏறிய பஸ்ஸில் உட்கார இடமில்லை. சென்னையில் கேமரா பையோடு ஏறினால் கண்டக்டரிலிருந்து கடைசி சீட்டு ஆள் வரைக்கும் முறைப்பார்கள். இங்கே முன்பின் தெரியாத ஒரு அம்மா கையை நீட்டிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெங்களூர் ஸ்டுடியோக்களில் வேலை பார்த்த புண்ணியத்தில் எனக்கு அது புரியும்.

“அளவெடுக்க வந்திருக்கான் பாரு. யார் நிலம் போகப்போகுதோ,” என்றாள் ஒருத்தி.

“மூஞ்சியைப் பார்த்தால் ஆபீசர் மாதிரியா இருக்கு? எழவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இருக்கான்,” என்றாள் மற்றவள்.

பஸ் ஒரு மேட்டில் ஏறும்போது இருமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கிப் போய் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் வருகிற வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைத்தார். யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் ஊராக இருந்தால் அதற்குள் நாலு பேர் வீடியோ எடுத்திருப்பார்கள். எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். சென்னையில் தட்டை என்று விற்கிற பண்டத்துக்கு இங்கே நிப்பட்டு என்று பெயர். கனமும் அதிகம், காரமும் அதிகம். கடைக்காரர் யார் வீட்டுக்கு என்று கேட்டார். ஸ்டெல்லாவின் அப்பா ஆரோக்கியசாமியின் பெயரைச் சொன்னேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

“பையன் கெடச்சானுங்களா?”

இல்லை என்றேன்.

“அந்தம்மா செவ்வாக்கெழமை தவறாம அந்தோணியாருக்கு மெழுவத்தி வைக்குது. காணாமப் போனதைக் கண்டுபுடிச்சுக் குடுக்கற சாமின்னு சொல்லுவாங்க. அவரு பேர வச்ச புள்ளையவே காணோம். என்னாத்தச் சொல்றது.”

ஆரோக்கியசாமி மொபெட்டில் வந்து என்னைக் கூட்டிப்போனார். நிலக்கடலைக் கொல்லையை ஒட்டி வீடு. கல்யாணத்துக்காக வெளியிலும் உள்ளேயும் புதிதாக நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசனை இன்னும் போகவில்லை. ஸ்டெல்லாவின் அம்மா ரெஜினா களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் வேலை செய்து காய்ந்த உடம்பு. நான் களியை மென்று தின்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மெல்லாதீங்க சார். அப்படியே முழுங்கணும்.”

அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கை கழுவிவிட்டு வந்ததும் அவர் என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். “சார், ஒண்ணு சொல்லிப்புடறேன். எம்பையன மேகத்துல காட்டக் கூடாது.”

“சரிம்மா.”

“எங்க கொழுந்தனாரு வூட்டுக் கல்யாணத்துல பாத்தேன். செத்துப்போன பெரியவரு மேகத்துல வந்தாரு. பாத்தவங்க பூராம் நெஞ்சில செலுவை போட்டுக்கினாங்க. மேகத்துல வந்தா செத்தவன்தானுங்க. நாலு வருசமா இல்ல, இல்லன்னு சொல்லிட்டு, இப்ப நானே ஊரைக் கூட்டி வச்சி ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.”

“மேகம் போட மாட்டேன். வாசல் வழியா வரட்டும். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வருகிற மாதிரி வரட்டும்,” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். “அப்படி வருவானுங்களா?” என்று கேட்டார்.

“வருவான்” என்று சொன்னேன். தொழில் பேச்சு. எத்தனையோ தயாரிப்பாளர்களிடம் அம்மன் வருமா என்று கேட்டபோதும் இதே வாயால்தான் வருவாள் என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் வெளிச்சம் பார்க்க வாசலில் நின்றபோது ஆரோக்கியசாமி பக்கத்தில் வந்தார். மெல்லப் பேசுகிற மனிதர். ஸ்டேஷனில் புகார் கொடுத்திருப்பதைச் சொன்னார். அங்கிருந்து போன் வந்தால் எதற்கென்று தெரியுமாம். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆண் உடல் எங்காவது அடையாளம் தெரியாமல் கிடைத்தால் கூப்பிடுவார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, ஒரு தடவை கோலார் வரைக்கும் பிணவறைக்குப் போயிருக்கிறார்கள்.

“நானும் ரெஜினாவும்தானுங்க போவோம். ஆனா உள்ள போயிப் பாக்கறது அவதான். எனக்கு முடியாதுங்க சார். நான் வெளிய நிப்பேன். அவ வந்து இல்லன்னு தலைய ஆட்டுவா. பஸ்ஸு ஏறிடுவோம். வூட்டுக்கு வந்து தல முழுகிட்டுப் படுத்தான்னா ரெண்டு நாளைக்கு எந்திரிக்க மாட்டா.”

“பிறகு ஏன் போகிறீர்கள்?”

“போவாம இருந்தா, அது அவனா இருந்துச்சுன்னா?” என்றார்.

இதற்கு மேல் அந்த வீட்டில் நான் என்ன படம் எடுப்பது? பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் சின்னப்பன் வந்துவிட்டான். ஆரோக்கியசாமியின் அண்ணன் மகன், மினி லாரி ஓட்டுகிறவன். அந்தோணியின் உயரம், அந்தோணியின் தோள். உடம்பு சின்னப்பனுடையது, முகம் மட்டும் பிறகு நான் மாற்றுவதாக ஏற்பாடு. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போய், கேட்பார் இல்லாமல் பாதிக் கூடைகளை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்திருந்தான். உடம்பெல்லாம் தக்காளி நாற்றம். குளித்து அந்தோணியின் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். ரெஜினா சட்டையின் காலரைச் சரிசெய்தார். பட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

காட்சி ரொம்பச் சின்னது. தோள் பையோடு வாசலில் வருகிறான், செருப்பைக் கழற்றுகிறான், உள்ளே வந்து தண்ணீர் குடிக்கிறான், மேசை மேலிருக்கும் மாலையை எடுத்துக் கேமராவைப் பார்த்து நீட்டுகிறான். சின்னப்பன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

“அவன் குனிய மாட்டான்டா,” என்றார் ரெஜினா என் பின்னாலிருந்து. “ஒரு காலால இன்னொரு கால மிதிச்சி உதறுவான். ஒண்ணு இங்க கெடக்கும், ஒண்ணு அங்க கெடக்கும். நாந்தான் எடுத்து வைப்பேன்.”

மறுபடி எடுத்தோம். பையைத் தரையில் வைக்க மாட்டான், நாற்காலியில் எறிவான். மறுபடி. சொம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பான், சட்டையெல்லாம் நனையும். மறுபடி. கோபக்கார டைரக்டர்கள்கூட என்னை இப்படிப் பிழிந்ததில்லை. கடைசியில் எல்லாம் அவர் சொன்னபடி நடந்தது. செருப்பு ஒன்று இங்கே, ஒன்று அங்கே. சின்னப்பன் மாலையை நீட்டிக்கொண்டு, “சித்தி, போதுமா?” என்றான்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க வெளியில் வரவில்லை.

கல்யாணத்துக்கு நடுவில் இரண்டு நாள் இருந்தது. பென்னாகரத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து வேலை செய்தேன். குழாயில் தண்ணீர் வரும்போது கரண்ட் இருக்காது, கரண்ட் வரும்போது கீழே பரோட்டாக் கடைக்காரர் கல்லில் தட்டுவது என் மண்டைக்குள் கேட்கும். அந்தோணியின் போனிலிருந்து வந்த பழைய வீடியோக்களை ஸ்டெல்லா அனுப்பியிருந்தாள். ஆள் எப்போதும் சிரிக்கிறவன். அவன் முகத்தை எடுத்துச் சின்னப்பன் உடம்பில் பொருத்தினேன். வாய்ஸ் மெசேஜ்களிலிருந்து குரலை எடுத்து, “வாங்க மாப்ள, உள்ள வாங்க” என்று சொல்லவைத்தேன்.

எங்கோ இடித்தது. முகம் தனியாக நின்றது. கொஞ்ச நேரம் வெறித்துக்கொண்டிருந்த பிறகுதான் புரிந்தது. அந்த அறையில் எல்லாம் நீலம். வெயில் சுவரில் பட்டுத் திரும்பும்போது கன்னத்தில் ஒரு நீலம் விழ வேண்டும். சின்னப்பன் கையில் அது இருந்தது, அந்தோணி கன்னத்தில் இல்லை. அதைச் சேர்த்தேன். சேர்த்ததும் அவன் வந்துவிட்டான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு நான் கேமராமேனாக இருந்தேன். என்னைச் சினிமாவிலிருந்து அனுப்பியவர்கள் எல்லாம் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு தாயின் நெருப்பில் நான் குளிர்காய்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை.

கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை கடத்தூர்க்காரர், சாது. அந்தோணி விஷயம் அவருக்குத் தெரியும், அவர் பக்கத்து உறவுகளுக்குத் தெரியாது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நின்றார்கள். நான் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. இது மேகக் காட்சி இல்லையே.

திரையில் நீல வீடு வந்தது. அந்தோணி வாசலில் ஏறினான், செருப்பை உதறினான், பையை எறிந்தான், தண்ணீர் குடித்துச் சட்டையை நனைத்துக்கொண்டான். மாலையை நீட்டினான். “வாங்க மாப்ள, உள்ள வாங்க.” அதே நேரத்தில் மண்டப வாசலில் ஆரோக்கியசாமி மாப்பிள்ளை கழுத்தில் மாலையைப் போட்டார்.

வழக்கமாக இந்த இடத்தில் அழுகைச் சத்தம் எழும். இங்கே எழவில்லை. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். கைதட்டல் பரவியது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றுகொண்டு கத்தினார்.

“அந்தோணி வந்துட்டான்டா!”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டது கேட்டது.

“பழைய வீடியோவா இருக்கும்பா.”

“எங்க பழசு? புதுசா அடிச்ச நீல பெயிண்ட்டு தெரியுது பாரு. முந்தாநாத்து எடுத்ததுதான் இது. மேகமும் இல்ல ஒண்ணும் இல்ல. அவன் வந்துட்டான்.”

கூட்டம் ரெஜினாவைச் சூழ்ந்துகொண்டது. நான் அவருக்குப் பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். பெண்கள் அவர் கன்னத்தைத் தடவினார்கள், கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எங்கே பையன், எங்கே பையன் என்று கேட்டார்கள்.

“இல்லீங்க, வரல. அது வீடியோ,” என்றார்.

“வீடியோதான் தெரியுதே. ஆளு எங்க?”

“வரலீங்க. சும்மா செஞ்சது.”

ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். சொல்லச் சொல்லக் கேட்டவர்களின் முகம் தொங்கியது. அடப் பாவமே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அந்தப் பார்வையைத்தான் நாலு வருஷமாக அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் குறுக்கே போய் விளக்கியிருக்கலாம். கையிலிருந்த வயரையே சுற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி தட்டில் பூவோடு வந்தாள். விவரம் தெரியாதவள்.

“உங்க மகனுங்களா? லட்சணமா இருக்காரு. எங்க ஆளையே காணோம்?”

ரெஜினா தட்டிலிருந்து பூவை எடுத்துக்கொண்டார்.

“வூட்டுல தூங்கறான்,” என்றார். “ராத்திரி பூராம் பஸ்ஸுல வந்தான். எழுப்ப வேணாம்னு உட்டுட்டேன்.”

அதற்குப் பிறகு கேட்ட எல்லாருக்கும் அதே பதில்தான். போகப்போகக் குரல் தெளிந்தது. இளைச்சுப் போயிட்டான் என்றார் ஒருத்தியிடம். நாளைக்கே பெங்களூர் போகணுமாம், லீவு இல்லியாம் என்றார் இன்னொருத்தியிடம். மேடையிலிருந்து ஸ்டெல்லா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற ஆரோக்கியசாமியிடம் யாரோ போய், ஏம்பா சொல்லவே இல்லையே என்று முதுகில் அடித்தார்கள். அவர் வாளியை வைத்துவிட்டு வந்தார். ரெஜினா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் கல்யாணத்துக்கு வந்திருந்தார். உடல் கிடைத்தால் போன் பண்ணுகிறவர் அவர்தான். நல்ல மனிதர், அந்தத் தகவலைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாராம். அவர் ஆரோக்கியசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப சந்தோசமுங்க. நாளைக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. கேஸ முடிச்சிடலாம். இனிமே தேடற வேலை இல்ல.”

மறுநாள் காலையில் நான் சென்னைக்குக் கிளம்ப இருந்தேன். லாட்ஜ் வாசலில் ஆரோக்கியசாமி மொபெட்டோடு நின்றார். கல்யாணச் சட்டையையே போட்டிருந்தார், தூங்கவில்லை என்று தெரிந்தது.

“சார், நீங்க வந்து அது கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு ஏட்டு கிட்ட சொல்லணும். கேஸ மூடிட்டாங்கன்னா அப்புறம் அவன யாரு தேடுவாங்க? நான் சொன்னா ரெஜினா மூஞ்சியில முழிக்க முடியாது.”

போனோம். சொன்னேன். ஏட்டு தன் போனிலேயே அந்த வீடியோவை வைத்திருந்தார். ஊரெல்லாம் அதற்குள் பரவியிருந்தது. இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

“இதுவா கம்ப்யூட்டரு? எங்கப்பாவையும்தான் சார் பண்ணோம், எந்தங்கச்சி கல்யாணத்துல. மேகம் வரும், மூஞ்சி மெழுகு மாதிரி பளபளன்னு இருக்கும். இது வூடு சார். செருப்ப ஒதைக்கிறான் பாருங்க. தண்ணி ஊத்திக்கிறான்.”

நான் லேப்டாப்பைத் திறந்து சின்னப்பன் நடித்ததைக் காட்டினேன். அதே சட்டை, அதே செருப்பு, வேறு முகம். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “யப்பா, கெட்டிக்காரரு சார் நீங்க,” என்றார். வாழ்க்கையில் அந்தப் பாராட்டுக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

“எதுக்கும் அம்மாவ ஒரு வார்த்த கேட்டுர்றேன். புகார் அவங்க குடுத்ததுதானே,” என்று ஏட்டு போன் போட்டு, மேசையில் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். அந்த நம்பரைப் பார்த்தாலே என்ன தகவல் வரும் என்று அவருக்குத் தெரியும்.

“எங்க வரணுமுங்க?” என்றார் ரெஜினா எடுத்ததும்.

“எங்கயும் இல்லம்மா. அது விசயம் இல்ல. உங்க பையன் வந்தானா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

போனில் கோழி கத்துவது கேட்டது. ஆரோக்கியசாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

“வந்தானுங்க,” என்றார் ரெஜினா. “எல்லாரும் பாத்தாங்களே. காலையில போயிட்டான். இனிமேலு பொணம் பாக்க வான்னு எனக்கு போன் போடாதீங்க சார். உங்க காலுல உழறேன். என்னால இனி ஒண்ணக்கூடப் பாக்க முடியாதுங்க.”

இணைப்பு அறுந்தது. ஏட்டு என்னைப் பார்க்கவில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு ஆரோக்கியசாமியைப் பார்த்தார்.

“நீங்கதான் சொல்லணும். வந்தானா, வரலியா? வரலன்னா அம்மா சொன்னது தப்புன்னு இன்னைக்கே எழுதி வச்சிட்டு நாங்க தேடறோம். எங்கயாச்சும் கெடச்சா பழையபடி கூப்புடறோம்.”

வெளியே யாரோ மாட்டைக் காணோம் என்று புகார் சொல்ல வந்து காத்துக்கொண்டிருந்தார். பிணத்தை உள்ளே போய்ப் பார்க்கிறவர் ரெஜினா, வெளியே நிற்கிறவர் ஆரோக்கியசாமி. அதை அவர் நினைத்தாரோ என்னவோ, நான் நினைத்தேன். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“வந்தானுங்க,” என்றார். “கையெழுத்து எங்க போடணும்?”